வரப்பில் நண்டு வளை: வெப் சர்வரின் தகவல் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க முழு வழிகாட்டி

போன வருடம் குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம். வலங்கைமான் பக்கத்து உழவர் குழு ஒன்றுக்கு நான் செய்து கொடுத்த தளத்தைப் பற்றி ஒரு கல்லூரிப் பையன் போன் செய்தான்.

“அண்ணே, உங்க சைட்ல எங்க அப்பாவோட பாஸ்புக் தெரியுது.”

“அவர்தானே அப்லோட் பண்ணினாரு? லாகின் பண்ணினா தெரியும்தான், தம்பி.”

“லாகினே பண்ணலண்ணே. லிங்க்ல கடைசித் துண்டை அழிச்சுட்டு என்டர் தட்டினேன். எங்க தெருவுல இருக்கிற எல்லார் பாஸ்புக்கும் வருது.”

உறுப்பினர் சேர்க்கைக்காக வாங்கிய சிட்டா நகல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல் எல்லாம் வரிசையாக, தேதியோடு, சைஸோடு பட்டியல் போட்டு நின்றன. 214 பேருடையவை. யாரும் பூட்டை உடைக்கவில்லை. நான் பூட்டே போடவில்லை.

வரப்பு உடைந்தால் ஊருக்கே தெரியும், ஓடிப்போய் அடைப்போம். நண்டு வளை அப்படியில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குக் காத்திருந்து, கல்லணையில் பிரிந்து, முறை வைத்து வயலுக்கு வந்த தண்ணீர் ராத்திரியில் அந்த வளை வழியாக வடிகாலுக்குப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு முழுசாக இருக்கும், வயலில் தண்ணீர் இருக்காது. தகவல் கசிவு இந்த வகை. தளம் நன்றாக ஓடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், சரக்கு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வளையைத் தேடுகிறவர்கள் வயலுக்குள் நின்று தேடுவதில்லை. வரப்புக்கு வெளிப்பக்கம் இறங்கி, எங்கே ஈரம் கசிகிறது என்று பார்த்து, அங்கிருந்து உள்ளே துழாவுவார்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

உங்கள் சொந்த சர்வரில் மட்டும் செய்யுங்கள். வாடிக்கையாளருடையது என்றால், ஒரு மின்னஞ்சலிலாவது எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உரியவர் அனுமதியில்லாமல் ஒரு கணினியிலிருந்து தரவை இறக்குவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஆம் பிரிவில் வரும். அதைத் தெரிந்தே தவறான நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “கதவு திறந்துதானே கிடந்தது” என்ற பேச்சை நம்பிப் பக்கத்து வீட்டுக்குள் போகாதீர்கள்.

படி 1: வெளியே நின்று கேளுங்கள்

அலுவலக வைஃபையை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். அலுவலக ஐபி முகவரிக்கு என்றைக்கோ சலுகை கொடுத்து வைத்திருப்போம், அது நம்மையே ஏமாற்றும். பிறகு கட்டளை வரியிலிருந்து தளத்தைக் கேட்க உதவும் கர்ல் கருவியில் ஹைஃபனும் பெரிய எழுத்து ஐயும் போட்டு உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். பக்கம் வராது, தலைப்பு வரிகள் மட்டும் வரும். அதில் ‘சர்வர்’ என்ற வரியில் அப்பாச்சியின் (பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள், என்ஜின்எக்ஸும் அதே வகை) பதிப்பு எண், எந்த லினக்ஸ் என்றெல்லாம் இருக்கலாம். ‘எக்ஸ் பவர்ட் பை’ வரியில் தளத்தை எழுதிய பிஎச்பி மொழியின் பதிப்பு இருக்கலாம்.

இவற்றை மறைக்க அப்பாச்சியில் சர்வர்டோக்கன்ஸ் என்பதற்கு பிராட், சர்வர்சிக்னேச்சர் என்பதற்கு ஆஃப். என்ஜின்எக்ஸில் சர்வர் டோக்கன்ஸ் ஆஃப். பிஎச்பியில் எக்ஸ்போஸ் பிஎச்பி ஆஃப். ஐந்து நிமிட வேலை, செய்துவிடுங்கள். ஆனால் இதைச் செய்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஊர் ஊராகச் சுற்றும் பாட்கள் (தானாகவே தளம் தளமாகத் துழாவும் நிரல்கள்) பெரும்பாலும் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டு வருவதில்லை. தெரிந்த ஓட்டைகள் அத்தனையையும் வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

இதைவிட முக்கியம் பிழைப் பக்கம். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். திரையில் ஃபைலின் முழுப் பாதை, எந்த வரியில் பிழை, டேட்டாபேஸ் பயனர் பெயர் என்று கொட்டினால், பிஎச்பியின் டிஸ்ப்ளே எரர்ஸை ஆஃப் செய்து லாக் எரர்ஸை ஆன் செய்யுங்கள். பிழை உங்களுக்கு வேண்டும், பார்வையாளருக்கு வேண்டாம். பிஎச்பியில் தளம் கட்ட உதவும் லாராவெல் என்றால் ஆப் டீபக் என்பது ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். அது ஆனில் இருக்கும் தளம் ஒரே ஒரு பிழையில் வீட்டுச் சாவிக்கொத்தையே காட்டிவிடக்கூடும்.

படி 2: பட்டியல் போடும் ஃபோல்டர்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ஃபோல்டரின் முகவரியை யாராவது கேட்டால், அதில் இண்டெக்ஸ் பக்கம் இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். இல்லாவிட்டால் இரண்டு வழி: மறுப்பது, அல்லது உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பட்டியலாகக் காட்டுவது. என்ஜின்எக்ஸ், நீங்களாக ஆட்டோஇண்டெக்ஸ் ஆன் என்று எழுதாதவரை காட்டாது. அப்பாச்சியின் கதை வேறு. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் அதை நிறுவியதும் வரும் கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்), தளங்கள் வைக்கும் ஃபோல்டருக்கு ஆப்ஷன்ஸ் வரியில் இண்டெக்ஸஸ் என்ற சொல் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் எதுவும் தொடாமலே பட்டியல் திறந்திருக்கும். என் தளத்தின் முதல் பக்கத்தில் இண்டெக்ஸ் ஃபைல் இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. அப்லோட்ஸ் ஃபோல்டரில் இண்டெக்ஸ் ஏது?

திருத்தம் எளிது. ஆப்ஷன்ஸ் வரியிலிருந்து இண்டெக்ஸஸ் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். மறுபடியும் மொபைலில் போய்ப் பார்த்தால் ‘அனுமதியில்லை’ என்ற 403 வரும்.

சரி, அடைத்தாயிற்று என்று நானும் அன்றைக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பட்டியல்தான் நின்றது, ஃபைல்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. நான் ஃபைல்களுக்கு வைத்த பெயர் உறுப்பினர் எண். 1 முதல் 214 வரை ஒருவர் வரிசையாகக் கேட்டால் அத்தனையும் வரும். பட்டியலை நிறுத்தியது வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிய மாதிரிதான்.

சரியான வழி: தனிப்பட்ட ஆவணங்களை டாக்குமெண்ட் ரூட்டுக்கு (சர்வர் வெளியே காட்டும் மூல ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். தளம் இருக்கும் ஃபோல்டருக்குப் பக்கத்தில், அதற்குள் அல்ல. ஒருவர் ஆவணம் கேட்டால் பிஎச்பி முதலில் அவர் லாகின் செய்திருக்கிறாரா, அந்த ஆவணம் அவருடையதா என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் ஃபைலைப் படித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கேள்வியை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. லாகின் செய்த எவரும் எண்ணை மாற்றி அடுத்தவருடையதைப் பார்த்துவிடலாம். பெயரையும் உறுப்பினர் எண்ணாக வைக்காமல் நீளமான தற்செயல் எழுத்துகளாக மாற்றுங்கள். எனக்கு இந்த வேலைக்கு ஒன்றரை நாள் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு மணி நேரம்.

படி 3: மறந்துவிட்டுப் போனவை

இதற்கு சர்வருக்குள் போங்கள். டாக்குமெண்ட் ரூட்டில் நின்று ஃபைண்ட் கட்டளையால் ஜிப், டார், எஸ்க்யூஎல், பாக், ஓல்ட் என்று முடிகிறவற்றையும், கடைசியில் டில்டே குறி உள்ளவற்றையும், விம் எடிட்டர் விட்டுச்செல்லும் ஸ்வாப் ஃபைல்களையும், புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் தேடுங்கள். முதல் தடவை தேடுகிறவர்கள் எவரும் வெறுங்கையோடு திரும்பியதை நான் பார்த்ததில்லை.

பேக்கப் ஜிப் ஏன் ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பாக் என்று முடியும் கான்ஃபிக் நகல் ஏன் ஆபத்து என்பது பலருக்குப் புரிவதில்லை. பிஎச்பி என்று முடியும் ஃபைலை சர்வர் ஓட்டும், விளைவை மட்டும் அனுப்பும். அதையே நீங்கள் பாக் என்று முடியும்படி நகல் எடுத்து வைத்தால், அது சர்வருக்கு வெறும் எழுத்து. டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு அப்படியே அனுப்பிவிடும். வேர்ட்பிரஸ் கான்ஃபிக்கைத் திருத்தும் முன் ‘எதற்கும் ஒரு காப்பி’ என்று பக்கத்திலேயே வைக்கும் நம் நல்ல பழக்கம்தான் இங்கே வினை.

புள்ளிக் குடும்பத்தில் இரண்டு பெரியவை. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் டாட் கிட் ஃபோல்டர் வெளியே தெரிந்தால், உங்கள் மொத்த மூல நிரலையும் அதன் வரலாற்றோடு மீட்டெடுக்கலாம். இரண்டு வருடம் முன்பு நீக்கிய பாஸ்வேர்டும் அந்த வரலாற்றில் இருக்கும். டாட் கிட்டுக்குள் இருக்கும் ஹெட் என்ற ஃபைலை மொபைலில் கேளுங்கள். ரெஃப் என்று தொடங்கும் ஒரு வரி வந்தால், கசிவு உறுதி. அடுத்தது பாஸ்வேர்டுகளும் சாவிகளும் இருக்கும் டாட் ஈஎன்வி ஃபைல். லாராவெல் போன்றவற்றில் பப்ளிக் என்ற உள் ஃபோல்டரைத்தான் டாக்குமெண்ட் ரூட்டாகக் காட்ட வேண்டும். மொத்தத் திட்ட ஃபோல்டரையும் காட்டிவிட்டால் ஈஎன்வி ஃபைல் தெருவுக்கு வந்துவிடும்.

புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறுக்கும்படி ஒரு விதி எழுதுங்கள். அதில் டாட் வெல் நோன் என்ற ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் எச்டிடிபிஎஸ் சான்றிதழை வெப்ரூட் முறையில் (தளத்தில் ஒரு ஃபைல் வைத்து நிரூபிக்கும் முறையில்) புதுப்பிக்க அந்த ஃபோல்டர் வெளியே தெரிய வேண்டும். மறந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. 90 நாள் சான்றிதழ் தீரும் நாளில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, வாடிக்கையாளர் கூப்பிடுவார்.

சர்வரின் அமைப்பு விவரங்களைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம் எதற்கோ போட்டுப் பார்த்துவிட்டு விட்டிருந்தால் அழித்துவிடுங்கள். தேடுபொறிகளுக்கான ரோபாட்ஸ் டெக்ஸ்ட்டில் ‘இந்த ஃபோல்டருக்குப் போகாதே’ என்று எழுதுவது பாதுகாப்பு ஆகாது, வழிகாட்டிப் பலகைதான் ஆகும்.

படி 4: முன்னால் ஒரு சர்வர், பின்னால் ஒரு சர்வர்

இந்த ஓட்டை நுணுக்கமானது. எனக்குப் பிடித்தது என்றுகூடச் சொல்வேன்.

அப்பாச்சியில் சர்வர் ஸ்டேட்டஸ் என்று ஒரு பக்கம் உண்டு. இந்த நிமிடம் எந்த ஐபி முகவரி எந்தப் பக்கத்தைக் கேட்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் யாராவது அழுத்தினால் அந்த ரகசிய எழுத்துகளும் அதில் தெரியலாம். டெபியன், உபுண்டுவில் அந்தப் பக்கத்துக்கு ‘ரெக்வயர் லோக்கல்’ என்று காவல் போட்டிருப்பார்கள். அதே கணினியிலிருந்து கேட்டால் மட்டும் காட்டு என்று அர்த்தம். நல்ல காவல்தான்.

ஆனால் நம்மில் பலர் வேகத்துக்காக முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்து, அதே கணினியில் பின்னால் அப்பாச்சியை ஓட்டுகிறோம். இப்போது உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் கேள்வியும் முதலில் என்ஜின்எக்ஸிடம் வந்து, அது அப்பாச்சியிடம் போய்க் கேட்கிறது. அப்பாச்சிக்கு எல்லாருமே பக்கத்து அறைக்காரர். காவல் எல்லாரையும் உள்ளே விடும். மொபைலில் உங்கள் தள முகவரிக்குப் பின்னால் சர்வர் ஹைஃபன் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள். வந்துவிட்டால், அந்தப் பக்கம் தேவையில்லாதவர்கள் ஏ2டிஸ்மாட் ஸ்டேட்டஸ் கொடுத்து அந்த மாட்யூலையே எடுத்துவிடலாம். தேவைப்படுகிறவர்கள் என்ஜின்எக்ஸிலேயே அந்த முகவரிக்கு ‘பக்கம் இல்லை’ என்ற 404 கொடுக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸ் பக்கமும் ஒரு சாய்கோட்டு வம்பு இருக்கிறது. லொகேஷன் வரியில் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இல்லாமலும், அதற்குள் அலையாஸ் வரியின் முடிவில் சாய்கோடு போட்டும் எழுதியிருந்தால், அந்தப் பெயரோடு இரண்டு புள்ளி ஒட்டிக் கேட்கிறவர் ஒரு படி மேலே ஏறிப் பக்கத்து ஃபோல்டர்களைப் பார்க்கலாம். கான்ஃபிக்கில் அலையாஸ் என்று தேடி, இரண்டு வரியிலும் சாய்கோடு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

படி 5: மென்பொருளிலேயே உள்ள ஓட்டை

இதுவரை சொன்னவை நம் கைத்தவறு. சில சமயம் எழுதியவர்களே வளை விட்டுவிடுவார்கள். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் அதில் பேர்போனது. எச்டிடிபிஎஸ் குறியாக்கத்தைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்தது, 1.0.1ஜியில் சரிசெய்தார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒருவர் ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து, “40 கிலோ மூட்டை, பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுங்கள்” என்கிறார். எடை போடாமல் வாங்கிக் குவியலில் போட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது சொன்ன கணக்குக்கு 40 கிலோவை அள்ளிக் கட்டிக் கொடுத்தால்? மற்றவர்கள் நெல்லும் போய்விடும். ஓபன்எஸ்எஸ்எல் அதைத்தான் செய்தது. வந்த செய்தியின் உண்மையான நீளத்தைப் பார்க்காமல், சொன்ன நீளத்துக்கு நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்தது, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. அந்த அள்ளலில் பாஸ்வேர்டு, செஷன் (லாகின் அடையாளம்), சான்றிதழின் தனிச் சாவிகூட வரலாம் என்பதைச் செய்தே காட்டினார்கள்.

2017-இல் இரண்டு வந்தன. என்ஜின்எக்ஸில், ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கேள்வியைக் கணக்கிடும் இடத்தில் ஒரு தவறு, சிவிஇ-2017-7529 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரும் பதிவு எண்). கேஷ் ஃபைலின் தலைப்பகுதி வெளியே வந்து, பின்னால் இருக்கும் சர்வரின் முகவரியைச் சொல்லிவிடலாம். அப்பாச்சியில் ஆப்ஷன்ஸ்பிளீட், சிவிஇ-2017-9798. ஃபோல்டருக்குள் வைக்கும் எச்டிஅக்சஸ் அமைப்பு ஃபைலில் லிமிட் என்ற வரியைத் தப்பாக எழுதியிருந்தால், ஆப்ஷன்ஸ் என்ற வகைக் கேள்விக்கு (கான்ஃபிக்கில் பார்த்த ஆப்ஷன்ஸ் வரி அல்ல) வரும் பதிலில் நினைவகத் துணுக்குகள் ஒட்டி வரும். 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49: பாதையில் புள்ளிகளைக் குறியீடாக மாற்றிக் கேட்டால் டாக்குமெண்ட் ரூட்டுக்கு வெளியே இருக்கும் ஃபைலும் வரும். அதற்கு வந்த 2.4.50 முழுதாக அடைக்கவில்லை, 2.4.51-இல்தான் அடைந்தது. மொத்தக் கணினிக்கும் ‘ரெக்வயர் ஆல் டினைடு’ என்ற வழக்கமான வரியை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2024 ஜூலையில் 2.4.60-இலும் ஒரு வேடிக்கை. சில கான்ஃபிக்குகளில் பிஎச்பி ஃபைலை ஓட்டாமல் மூல நிரலாகவே அனுப்பியது. 2.4.61 அரைகுறை, 2.4.62 முழுமை. அவசரமாகப் பூசிய சேறு ஒரு தண்ணீருக்குத் தாங்காது என்பது இங்கேயும் நடக்கிறது. ஒரு திருத்தம் வந்த பிறகு அடுத்த சில வாரமும் கண் வைத்திருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உபுண்டு 22.04-இல் இருக்கும் அப்பாச்சி 2.4.52 என்று சொல்லும். அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள் எல்லாம் அதில் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். உபுண்டுவும் டெபியனும் பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். ஏபிடி சேஞ்ச்லாக் என்று கொடுத்து, அதில் அந்த சிவிஇ எண்ணைத் தேடினால் உண்மை தெரியும். இலவச ஸ்கேனர்கள் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்பாகக் காட்டும், வாடிக்கையாளர் பதறுவார். இந்தச் சேஞ்ச்லாக் வரியைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம்.

அப்டேட் செய்தால் மட்டும் போதாது. லைப்ரரியை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழையதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஓடும். ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நீட்ரீஸ்டார்ட் கருவி சொல்லிவிடும்.

படி 6: அடைத்த பிறகு

வளையை அடைத்தால் போன தண்ணீர் திரும்பாது. வெளியே தெரிந்திருந்த எதையும் அடுத்தவர் கையில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமெண்ட் கேட்வே சாவி, மின்னஞ்சல் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். எல்லாருடைய செஷனையும் காலாவதி ஆக்குங்கள். தனிச் சாவி போயிருக்கலாம் என்றால் புதுச் சாவியில் சான்றிதழ் வாங்கிப் பழையதை ரத்து செய்யுங்கள். பழைய சாவியிலேயே புதுச் சான்றிதழ் வாங்கி ஒரு பயனும் இல்லை. கூகுளில் உங்கள் தளத்துக்குள் மட்டும் தேடிப் பார்த்து, கசிந்த பக்கம் ஏறியிருந்தால் சர்ச் கன்சோலில் நீக்கக் கேளுங்கள். அது சுமார் ஆறு மாதத்துக்குத்தான் மறைக்கும். அதற்குள் அந்த முகவரி உண்மையிலேயே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அப்புறம் லாக், அதாவது சர்வரின் வருகைப் பதிவேடு. அக்சஸ் லாகில் கிரெப் (எழுத்தைத் தேடும் கட்டளை) போட்டு அந்த ஃபோல்டர் பெயரைத் தேடுங்கள். 200 என்றால் கொடுத்துவிட்டது, 403 என்றால் மறுத்தது. பக்கத்தில் எத்தனை பைட் போனது என்று இருக்கும். பழைய லாக்கள் ஜீஜிப்பில் சுருங்கியிருக்கும், அவற்றுக்கு இசட்கிரெப். எனக்கு அடி விழுந்தது இங்கே. அந்த ஃபோல்டர் எட்டு மாதமாகத் திறந்து கிடந்தது. டெபியன், உபுண்டுவில் அப்பாச்சி லாக் இயல்பாக 14 நாள்தான் நிற்கும். அந்தப் பதினான்கு நாளில் பையனைத் தவிர இரண்டு பாட்கள் வந்திருந்தன. மீதி ஏழரை மாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் லாக்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தரவுக் கசிவு போன்ற சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். லாக்ரொட்டேட் கான்ஃபிக்கில் 14 என்ற எண்ணை இன்றைக்கே 180 ஆக்குங்கள். டிஸ்க் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வதுதான் கடினம். குழுவின் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர் கேட்டார், “தம்பி, பாஸ்புக் நம்பரை வச்சுப் பணத்தை எடுத்துடுவானா?” அதை மட்டும் வைத்து எடுக்க முடியாது ஐயா, ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி உங்கள் கணக்கு எண்ணைச் சரியாகச் சொல்லி நம்ப வைப்பான், ஓடிபி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுவது எப்படி என்று வரிசையாக ஒவ்வொருவர் போனிலும் செய்து கொடுத்தோம். இனி சேர்கிறவர்களிடம் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் மட்டும் வாங்குவது என்று முடிவானது. இல்லாத சரக்கு கசியாது.

அந்தப் பையனுக்குக் குழுவின் செயலாளர் கையெழுத்துப் போட்டு ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்தோம். மாதம் ஒருமுறை மொபைலில் இருந்து, படி 1 முதல் 4 வரை வெளியே நின்று பார்க்கக்கூடியவற்றை அவன்தான் பார்க்கிறான். மூன்றாம் மாதமே கூப்பிட்டான். டெஸ்ட் என்ற சப்டொமைனில் நான் பழைய டேட்டாபேஸோடு ஒரு நகல் தளம் போட்டு மறந்திருந்தேன். அந்தப் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன, அதில் டொமைன் பெயரைப் போட்டுத் தேடினால் எல்லா சப்டொமைனும் வரும் என்றான். நாற்றங்காலில் நின்றுகொண்டு பேசுகிறான் போல, பின்னால் தவளைச் சத்தம் கேட்டது.